மூன்றரை அடி ஜன்னலும் ஆறாத நோவும்

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்த பிரமநாயகம் மூக்கை லேசாகத் தூக்கி, கண்ணை மூடி, "ஆகா" என்றார்.

தட்டில் இருந்தது அவர் மனைவி உலகம்மாள் வைத்த அவரைக்காய்ப் பொரியல். மூக்கு திரும்பியிருந்தது, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் இருந்த பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னல் பக்கம். அங்கே சண்முகவடிவு தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னவர் மறு நிமிஷமே மோர் கேட்டார். கேட்டவளால்தான் மறக்க முடியவில்லை. கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வைக்காத குழம்பா? "நல்லாருக்கு" வந்திருக்கிறது. "உப்பு கொஞ்சம்" வந்திருக்கிறது. ஏப்பம்கூட வந்திருக்கிறது. ஆகா வந்ததில்லை.

ஒரு ஆகாவுக்காக வழக்குப் போட முடியாது என்பது உலகம்மாளுக்குத் தெரியும். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள். எந்தக் கடிதத்துக்கு எந்தத் தபால்தலை என்று அறியாதவள் அல்ல. ஆகவே பிராது வேறு மாதிரி எழுதப்பட்டது. நாற்பத்தொரு பக்கம். பிரதிவாதியின் மூன்றரை அடி ஜன்னலானது வாதியின் அந்தரங்கத்தையும், மன அமைதியையும், குடும்பக் கண்ணியத்தையும், கோடைக்காலங்களில் காற்றோட்டத்தையும் பங்கப்படுத்துவதாக அதில் கண்டிருந்தது. தேங்காய் என்ற சொல் எங்கும் இல்லை.

ஐந்து வருஷம் வாய்தா வாங்கி, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கவேண்டும், இனி எந்நாளும் திறக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. உலகம்மாள் அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் கலியாணப் போட்டோ இருந்த ஆணியில் மாட்டினாள். போட்டோவுக்கு ஓரடி கீழே வேறு ஆணி அடித்தார்கள்.

'எந்நாளும்' என்பதற்குப் பிற்பாடு சர்க்கார் கணக்குச் சொன்னது. பன்னிரண்டு வருஷம்.

வக்கீல் திரவியராஜ் அதைப் பதமாகத்தான் சொன்னார். பாளையங்கோட்டையில் அவருடைய பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வந்துவிடும். அத்தனை பட்டம், அத்தனை பொறுப்பு, கடைசி வரியில் 'முன்னாள் வேட்பாளர்'.

"எல்லாத் தீர்ப்புக்கும் இப்ப பன்னெண்டு வருசம்தாம்மா ஆயுசு. உங்களுது வார ஆவணி பதினெட்டோட முடியுது."

"முடிஞ்சா?"

"செத்துரும். செங்கலப் பேத்து எடுக்கலாம். கேக்க ஆளு கெடையாது."

"புதுப்பிக்க ஒரு மனு எழுதிக் குடுத்தாப் போதும்லா?"

"அது அந்தக் காலம். தாத்தா வாங்குன தீர்ப்ப வச்சுக்கிட்டுப் பேரன் மல்லுக்கு நிக்கான். என்ன சண்டைன்னு அவனுக்கும் தெரியல, எதுத்தாப்புல நிக்கவனுக்கும் தெரியல. கோர்ட்டு மட்டும் தேதி போட்டுக்கிட்டே இருக்கு. அதனாலதான் சட்டத்த மாத்துனாவ. நோவு உசுரோட இருக்க மட்டுந்தான் தீர்ப்புக்கும் உசுரு. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா நேர்ல போயி, இன்னும் வலிக்குன்னு காட்டணும்."

"வலிக்குன்னு சொன்னா?"

"சொன்னா யாரு நம்புதா? தட்டு சொல்லணும்."

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். அரசாணையில் அதன் பெயர் 'மனுதாரர் மனநோவுச் சரிபார்ப்புக் கருவி, வகை இரண்டு'. குழி குழியான எவர்சில்வர் தகடு, தலையில் கவிழ்ப்பது. மண்டைக்குள் எந்த இடம் சூடாகிறது என்று பார்த்து, பட்டிருப்பது என்ன உணர்ச்சி, எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லிவிடும். அரசாணையைப் படிக்காத ஜனங்கள் அதற்கு இட்லித்தட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அரசாணை எழுதுகிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

"கண்ண மூடிச் சன்னல நெனைங்க."

உலகம்மாள் நினைத்தாள். முழுமூச்சாக நினைத்தாள். வக்கீலின் திரையில் எண்கள் வந்தன: நோவு 7. பொறாமை 83. மற்றவை 10.

"மற்றவைன்னா என்னது?"

"பசி" என்றார் திரவியராஜ்.

உலகம்மாள் தட்டைக் கழற்றி மேஜையில் ணங்கென்று வைத்தாள். "பொறாமையா? எனக்கா? அவமேலயா? அவகிட்ட என்ன இருக்குன்னு நான் பொறாமைப்படணும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தட்டுக்குத்தான் தெரியும்."

"ரெண்டும் ஒரே வலிதானய்யா!"

"வலி ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆனா நோவுங்கது அடுத்தவ செஞ்சதுனால வாரது. பொறாமை, அடுத்தவ இருக்கதுனாலயே வாரது. செஞ்சதுக்குத்தான் தீர்ப்பு உண்டு. இருக்கதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் தடை வாங்க முடியாது."

நூற்றுக்கு நாற்பது நோவு வேண்டும் என்றார். அது தவிர இன்னொன்று. எதிர்த்தரப்புக்கும் தட்டு வைப்பார்கள். ஜன்னலைத் திறக்கவேண்டும் என்கிற ஆசை அவளுக்கு ஐந்துக்குக் கீழே போய்விட்டால், தடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தீர்ப்பைப் படுக்கவைத்துவிடுவார்கள்.

"அவளுக்கா ஆசை இருக்காது?" உலகம்மாள் சிரித்தாள். "சன்னலத் தொறந்துவச்சு ஊருக்கே மணக்க மணக்கக் காட்டலைன்னா அவளுக்குச் சோறு எறங்காது. நீங்க என் பக்கத்த மட்டும் பாருங்க."

"அப்பம் நீங்க அகாடமில சேருங்க."

'ரணம் அகாடமி' முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. வாசலில் 'ஆறவிட மாட்டோம்' என்று எழுதியிருந்தது. நடத்தியவர் பேராசிரியர் மாசானம். வேனலிலும் கோட்டு, டை. எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று கேட்கிறவர்களிடம், "உலகமே ஒரு கல்லூரிதானே?" என்று எதிர்க்கேள்வி கேட்பார். தீர்ப்பு வாங்கியவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு.

இந்தச் சட்டம் வந்த பிறகு ஊரில் நோவு ஒரு சொத்தாகியிருந்தது. நல்ல வழக்கு உள்ள வீடுகளில் ஒருவரை ஆறவிடாமல் வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் வீட்டில் சாது யாரோ அவர்தான். புதுப்பிக்கும் வருஷம் வந்தால் அவருக்குக் காப்பியில் சீனி குறையும். அவர் வரும்போது சிரிப்பு நிற்கும். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் வேலை, வீடு விசாரித்த கையோடு, "தீர்ப்பெல்லாம் புதுப்பிச்சு வச்சிருக்காவளா?" என்றும் கேட்டார்கள்.

உலகம்மாளின் பக்கத்து நாற்காலி ஆறுமுகநயினார் அப்படிப்பட்ட சாது. கிணற்றுத் தண்ணீருக்காக அண்ணன்மேல் தீர்ப்பு வாங்கியவர். போன வருஷம் அண்ணன் மாடிப்படியில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாருக்கும் சொல்லாமல் போய் நாலு நாள் கஞ்சி ஊட்டிவிட்டு வந்துவிட்டார். எழுபதில் இருந்த நோவு ஒன்பதாகிவிட்டது. வீட்டில் அவர் குடலைப் பிடுங்குகிறார்கள்.

"காலைல எந்திரிச்சதும் எம்பொஞ்சாதி கட்டில்கிட்ட வந்து நிக்கா. 'ஒங்கண்ணன் அன்னைக்கு என்ன சொன்னான்? சொல்லுங்க, என்ன சொன்னான்?'ங்கா. பயலுவ எங்கிட்டப் பேசுதது இல்ல. எனக்கு அண்ணன நெனச்சா சிரிப்புதான் யக்கா வருது. சின்னதுல அவன்தான் எனக்கு அந்தக் கெணத்துல நீச்சல் சொல்லிக்குடுத்தான். நான் என்ன செய்ய?"

"நீச்சல நெனைக்காதீய" என்றாள் உலகம்மாள், தன் எண்ணைப் பார்த்தபடி. அவளுக்கு நோவு பதினொன்றுதான் வந்திருந்தது. ஒன்பது எடுத்த ஆறுமுகநயினாரைவிட இரண்டு கூடுதல் என்பதில் ஒரு சின்ன நிம்மதி. முதல் வரிசையில் வரப்புத் தகராறுக்காரி ஒருத்தி எழுபத்தெட்டு எடுத்திருந்தாள். அப்படி என்ன பெரிய வரப்பு என்று உலகம்மாளுக்குத் தோன்றியது.

மாசானம் மூன்றாம் நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "யம்மா, நீங்க சன்னல நெனைக்கச் சொன்னா சட்டியல்லா நெனைக்கீய. உள்ளதச் சொல்லுங்க. சன்னலுக்குப் பின்னால என்ன?"

உலகம்மாள் சொன்னாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னாள். ஒரே ஒரு சொல்தான், சொல்லி முடிக்க ஒரு வினாடி ஆகவில்லை.

பேராசிரியர் டையைச் சரிசெய்தார். "சரிதான். அது அசல் நோவுதான். ஆனா அது ஒங்க வீட்டுக்காரர் மேல உள்ள நோவு. அதுக்குத் தனி வழக்கு, தனி மன்றம், இங்கன தனி வகுப்பு. சேத்துவிடட்டுமா?"

"அவர விடுங்க. சன்னலுக்கு வழி சொல்லுங்க."

"அந்தம்மா ஒங்களப் பாத்து என்னைக்காவது சிரிச்சிருக்காவளா?"

"எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பா."

"ஒங்களப் பாத்தா?"

"தெரியல."

"அது போதும். அந்தத் தெரியலையில ஊனி நில்லுங்க. தெனம் விடியக்காலம் அடைச்ச சன்னலுக்கு நேரா பத்து நிமிசம். வெறும் வயித்துல. வீட்டுல யாரும் பிரியமாப் பேசப்பிடாது. கோயில்ல பிரசாதம் வாங்கலாம். மன்னிப்பு சம்பந்தமா யாரும் பிரசங்கம் பண்ணுனா எந்திரிச்சு வந்துரணும். எதிர்த்தரப்புக் கையால பச்சத்தண்ணி வாங்கப்பிடாது."

உலகம்மாள் செய்தாள். விடியக்காலை ஐந்தரைக்கு நாற்காலி போட்டு, பன்னிரண்டு வருஷத்துச் செங்கலைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் வடிவு சிரிக்கிறாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். முதலில் சிரிப்பு வரும். உடனே அதன் பின்னாலேயே தேங்காய் வாசனையும் கிளம்பி வரும். வாசனையை விரட்டிவிட்டுச் சிரிப்பை மட்டும் பிடித்து நிறுத்த ஒரு மாதம் ஆனது.

பிரமநாயகம் நல்ல மனுஷன். காப்பியும் கையுமாக வாசல்படியில் நின்று கேட்பார். "ஏளா, இன்னைக்காவது ஒங்கிட்ட நல்லபடியாப் பேசலாமா?"

"ஆவணி பதினெட்டு வரைக்கும் வேண்டாம்."

"சரி" என்று காப்பியை வைத்துவிட்டுப் போவார்.

புதுப்பித்தல் மன்றம் ஒரு பழைய கலியாண மண்டபத்தில் நடந்தது. சீரியல் விளக்குக்கு அடித்த ஆணிகள் இன்னும் சுவரில் இருந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் புதுப்பித்தல் அலுவலர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு இட்லித்தட்டு. கீழே பெஞ்சுகளில் இருநூறு பேர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறுமுகநயினார் பெயர் முதலில் வந்தது. மகன்கள் இருவரும் கைத்தாங்கலாக மேடை ஏற்றிவிட்டார்கள். எதிர்த்தட்டில் அண்ணன், ஊன்றுகோலோடு. அண்ணன் தலையை ஆட்டி ஏதோ விசாரித்தார். ஆறுமுகநயினார் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தொன்று. மகன்கள் கை தட்டினார்கள். "நோவு இருக்கிறது, தீர்ப்பு நீடிக்கிறது" என்று அலுவலர் முத்திரை வைத்தார். ஆறுமுகநயினார் சான்றிதழை வாங்கிக்கொண்டு அழுதபடியே இறங்கினார். உலகம்மாளைத் தாண்டிப் போகும்போது, "நேத்து வீட்டுல எல்லாரும் வெளிய போகையில என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டாவ யக்கா. அண்ணன்தான் பூட்டச் சொன்னாம்னு சொன்னாவ. பொய்யின்னு தெரியும். ஆனாலும் வலிச்சிட்டு" என்றார்.

உலகம்மாளுக்கு ஏதோ போல இருந்தது. ஆனால் அதை நீடிக்கவிடவில்லை. இன்றைக்கு அடுத்தவன் நோவை நினைத்தால் சொந்த நோவு குறையும்.

அப்போதுதான் சண்முகவடிவு வந்தாள். அறுபது வயசு என்று யார் சொல்வார்கள்? மாம்பழ நிறச் சேலை, கையில் ஒரு பெரிய சம்படம். இடமா இல்லை? நேரே வந்து உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, சொகமா இருக்கீயளா? அண்ணாச்சி வரலியா?"

"வரல."

"முந்திரிக்கொத்து கொண்டாந்தேன். இங்கன எம்புட்டு நேரமாகும்னு தெரியாதுல்லா. ஒண்ணு எடுங்க."

"வேண்டாம்."

சம்படம் பெஞ்சு பெஞ்சாகப் போனது. கடுகடுத்த முகங்கள் ஒவ்வொன்றாக இளகின. வரப்புக்காரி இரண்டு எடுத்தாள். டவாலி மூன்று எடுத்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டான். கடைசியில் அது உலகம்மாளின் சொந்த வக்கீலிடமே வந்தது. திரவியராஜ் ஒன்றைக் கடித்தார். "ஆ..." என்று தொடங்கினார். உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். மிச்சத்தை அவர் முந்திரிக்கொத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அந்தக் கொதிப்போடு மேடை ஏறியது நல்லதாகப் போயிற்று. தட்டு கவிழ்ந்தது. உலகம்மாள் சிரிப்பைக் கூப்பிட்டாள், வந்தது. வாசனையும் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தது. சீ போ என்றாள். நோவு 46.

திரவியராஜ் கீழேயிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். உலகம்மாள் நெஞ்சு நிமிர்ந்தது.

"எதிர்த்தரப்பு" என்றார் அலுவலர்.

வடிவு சேலை கலையாமல் உட்கார்ந்து, தலைப்பூ நசுங்காமல் தட்டை வாங்கிக்கொண்டாள். "ஜன்னலைத் திறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அலுவலர். வடிவு கண்ணை மூடினாள். தூங்கும் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

ஆசை 0.

அலுவலர் தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். 0.

"என்னம்மா, ஆசையே இல்லையா?"

"சன்னலா?" வடிவு யோசித்தாள். "அந்த ரூம்ப நான் பொழங்குததே இல்லைங்கய்யா. அடுக்களைய மாடிக்கு மாத்திப் பத்து வருசம் இருக்கும். அங்கன எம்மவனோட பழைய சைக்கிளு கெடக்கு. சன்னல் ஒண்ணு இருந்ததே, நோட்டீசு வந்த பெறவுதான் நெனப்புக்கு வந்துது."

அலுவலர் எழுதினார். வாதியின் நோவு மெய். ஆயினும் எதிர்த்தரப்பிடம் ஆசை இல்லாதபடியால் தடுக்கத்தக்கது ஏதுமில்லை. தீர்ப்பு காலாவதி.

உலகம்மாளுக்கு 'காலாவதி' காதில் விழவில்லை. சைக்கிள்தான் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு சைக்கிளையா அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்? இவளுக்கு நோவு, வடிவுக்கு நினைப்பே இல்லை. இவள் விடியக்காலம் செங்கலைப் பார்த்து உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் ஒரு பஞ்சர் டயர் இவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

"அம்மா, தட்டக் கழத்துங்க" என்றான் டவாலி. பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "அய்யா, இங்க வந்து பாருங்களேன்" என்று அலுவலரைக் கூப்பிட்டான். பொறாமை 99. தட்டு வாங்கிய நாள் முதலாக அந்த எண் வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, தீர்ப்பைக் கழற்றிப் பரணில் போட்டாள். பிரமநாயகம் கலியாணப் போட்டோவை மேல் ஆணிக்கு ஏற்றினார். "ஆவணி பதினெட்டு முடிஞ்சிட்டுல்லா. இனிமே பேசலாமா?"

"என்ன பேசப் போறீய?"

பிரமநாயகம் போட்டோவை நேராக்கிவிட்டு, காப்பி போடப் போனார். பேசுகிற பழக்கம் விட்டுப் போயிருந்தது.

பத்து நாள் உலகம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு இனி திறக்கலாம். யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. திறக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லையே. ஜெயித்தவள் கொண்டாடினாலாவது தோற்றவளுக்கு ஒரு மரியாதை. இவள் ஜெயித்ததையே மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

பதினோராம் நாள், காய்கறி வாங்கப் போனவள் முருகன்குறிச்சி முக்கில் அப்படியே நின்றுவிட்டாள்.

ரணம் அகாடமி புது பிளெக்ஸ் வைத்திருந்தது. 'எமது இவ்வாண்டுச் சாதனையாளர்கள்'. வட்ட வட்டமாகப் போட்டோக்கள். கீழ் மூலையில், தபால்தலை அளவில், உலகம்மாள்: நோவு 46. அதற்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் நடுவில், ஆளுயரத்தில், மாம்பழ நிறச் சேலையில், பொன்னாடையோடு, சண்முகவடிவு. அவளுக்குக் கீழே: 'எதிர்த்தரப்புக் காலை வகுப்பு. ஆசை 0! மாநில முதலிடம்!'

மாடிப்படியை உலகம்மாள் இரண்டிரண்டாக ஏறினாள்.

"காலை வகுப்புன்னா என்னய்யா?"

மாசானம் கொஞ்சமும் அசரவில்லை. "காலைல எதிர்த்தரப்பு, சாயங்காலம் வாதி. நம்மட்ட ஓரவஞ்சனை கெடையாதும்மா. ஒங்களுக்கு இல்லாத நோவ வரவைக்கோம், அவங்களுக்கு இருக்க ஆசைய மறைக்கோம். ரெண்டும் ஒரே பாடம்தான், தலைகீழாப் பிடிச்சா."

"அப்பம் அந்தச் சைக்கிளு?"

"தட்டு ஆசையத்தான் அளக்கும். பொய்ய அளக்காது. அதுக்கு வேற மன்றம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். சேந்த அன்னைக்கு அந்தம்மாவுக்கு ஆசை எம்புட்டு வந்துச்சு தெரியுமா? தொண்ணூத்தாறு. பன்னெண்டு வருசமா அந்தச் செங்கலத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. ஒங்கள மாதிரியே நாற்காலி போட்டு."

உலகம்மாள் மெதுவாகப் படி இறங்கினாள். தொண்ணூற்றாறு. பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. மறதியாவது மண்ணாவது. காய்கறிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு, பிளெக்ஸில் அவ்வளவு பெரிசாகப் போட அந்த மூஞ்சியில் என்ன இருக்கிறது என்று தோன்றியதும் சிரிப்பு நின்றது.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு ஒரு செங்கல் உள்வாங்கியது. பதினொன்றுக்கு மூன்றரை அடி வெளிச்சம் கூடத்தில் விழுந்தது. கொத்தனார் போனதும் அடுப்பு பற்றவைக்கிற சத்தம். உலகம்மாள் அவசரமாக அவரைக்காய்ப் பொரியலை இறக்கி, பிரமநாயகத்தைக் கூப்பிட்டு, சரியாக அந்தப் பழைய இடத்தில் உட்காரவைத்து, தட்டு போட்டு, எதிரே உட்கார்ந்து அவர் மூக்கையே பார்த்தாள்.

வந்துவிட்டது. தேங்காயும் மல்லியும் வறுபட்டுச் சிவக்கிற அந்த வாசனை, பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் மாதிரி, வீடு முழுக்க நடந்து நடந்து பார்த்தது.

பிரமநாயகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏங்க."

"ம்?"

"ஒண்ணும் தோணலியா?"

"என்ன தோணணும்?"

"வாசம்."

"என்ன வாசம்?" பிரமநாயகம் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று பொரியலைக் கிளறினார். பிறகு, "எனக்கு மூக்கு போயி எட்டு வருசமாச்சு. அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்லா, அதோட போனதுதான்" என்றார்.

"எட்டு வருசமா?"

"ஆமா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவ? 'அவ சமைச்சா மூக்கு வேலை செய்யும், நான் சமைச்சா மட்டும் செய்யாதோ'ம்ப. ஏற்கெனவே ஒருக்கா வாயத் தொறந்துட்டு அஞ்சு வருசம் கோர்ட்டுக்கு நடந்தவன்லா நான்."

உலகம்மாள் அவர் மூக்கைப் பார்த்தாள். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நாற்பத்தொரு பக்கத்தில் இல்லாதது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எட்டு வருஷமாக வேலை செய்யாத ஒரு மூக்குக்கு அவள் காவல் இருந்திருக்கிறாள், செங்கல் வைத்து, தீர்ப்பு வைத்து, விடியக்காலம் நாற்காலி போட்டு.

"அப்பம் பொரியல் எப்படி இருக்கு?" என்றாள், மெதுவாக.

பிரமநாயகம் யோசித்து, உண்மையைச் சொன்னார். "சூடா இருக்கு."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். மோர் எடுக்கத்தான் போனாள். வாசனை முகத்துக்கு நேரே வந்தது. பதினேழு வருஷத்தில் அதை அவள் முகர்ந்ததே இல்லை. அவர் முகர்கிறாரா என்று மட்டுமே பார்த்திருக்கிறாள். கண் தானாக மூடிக்கொண்டது.

"ஆகா."

சத்தம் கேட்டுத்தான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

அந்தப் பக்கம் கரண்டி நின்றது. "என்னக்கா, ஏதோ சொன்னீயளே?" வடிவின் முகம் ஜன்னலில் வந்தது. நெற்றியில் வேர்வை, கன்னத்தில் சிமெண்டுத் தூசி. கண்ணில் தொண்ணூற்றாறும் அப்படியே இருந்தது.

"ஒண்ணுமில்ல. தேங்கா கருகுதுன்னு சொன்னேன்."

"அய்யய்யோ, கருகுதா?" முகம் மறைந்தது. படபடவென்று சட்டியை இறக்குகிற சத்தம், அடுப்பை அணைக்கிற சத்தம், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிற சத்தம்கூடக் கேட்டது.

உலகம்மாள் மோரை எடுத்துக்கொண்டாள். போவதற்கு முன்னால், வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் இன்னொரு தடவை இழுத்தாள்.